ஏழும் இரண்டும்

என் மனுசன் இராஜேந்திரன் கடையில் வாங்கின முட்டைப் பெட்டியையே இரண்டு தரம் திறந்து பார்க்கிற ஆள். சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. காதில் மாட்டிய கருவி நாள் முழுக்க ஜெர்மனில் தட்டு எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும், இவர் பெட்டி எடுத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவரைப் பிடித்து வினாடிவினா நடத்தச் சொன்னது எங்கள் விளையாட்டுக் கழகம்.

ஒரு சுற்று முழுக்க நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்போல் அணியைப் பற்றி வைத்தார். "இந்தப் பெடியள் எல்லாம் என்.வை. தொப்பியோட திரியிறாங்கள். அது ஒரு ரீமின்ர சின்னம் எண்டு எத்தினை பேருக்குத் தெரியும்?" என்பது அவருடைய நியாயம். உண்மையில் அந்தக் குத்தல் என் தம்பி நிருசனுக்கு. அவன் எங்கடின் என்ற மலைப்பகுதியில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிறான். சீசன் முடிந்தால் எங்கள் வீட்டில் வந்து நிற்பான், அந்தத் தொப்பியோடேயே சாப்பிடுவான். இந்த நாட்டில் எனக்கிருக்கிற ஒரே சகோதரம். இவருக்கோ அவனைக் கண்ணில் காட்டக்கூடாது.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறையச் சனம். யாங்கீஸுக்கு முந்தி என்ன பெயர் என்று கேட்டார். ஒரு மேசைக்கும் தெரியவில்லை. நிருசன் மட்டும் 'ஹைலாண்டர்ஸ்' என்று எழுதி அட்டையைத் தூக்கிப் பிடித்தான். சட்டை முதுகில் எண்ணை முதலில் எதை வைத்துக் கொடுத்தார்கள்? அடிக்க இறங்குகிற வரிசையை வைத்து, மூன்றாவதாக இறங்கினவருக்கு மூன்று, நாலாவதுக்கு நாலு என்று விளக்கமும் சொன்னான். சனம் கைதட்டியது. பள்ளிக்கூடத்தில் தடியும் பந்துமாக எல்லே அடித்ததோடு சரி, இவனுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்?

கடைசிக் கேள்வி, யாங்கீஸ் இதுவரை எத்தனை தரம் உலகத் தொடரில் வென்றது? மற்ற மேசைகள் ஐந்து, பதினொன்று, நாற்பது என்று குருட்டுவாக்கில் எழுதின. நிருசன் தூக்கிப் பிடித்தது 72.

இராஜேந்திரன் அந்த அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைதட்டச் சொல்கிறார் என்று நினைத்துக் கைதட்டினேன்.

"எழுபத்திரண்டு. சரியான விடை."

"அங்கிள், பிழை! இருபத்தேழு!" ஃபோனைத் தூக்கிக் காட்டினாள் கழகத்தின் செயலாளர் மாயா, இங்கே பிறந்த பிள்ளை.

மண்டபமே சிரித்தது. எங்கள் ஆட்களுக்குப் பழகின சறுக்கல்தான் அது. இருபத்தேழை ஜெர்மன்காரர் 'ஏழும் இருபதும்' என்றுதான் சொல்லுவார்கள். ஏழு காதில் விழுந்ததும் எங்கள் கை ஏழை எழுதிவிடும். பின்னால் வருகிற இருபதுக்கு ஒரு இரண்டு. அப்படி எழுதின ஃபோன் எண்களால் எத்தனை முன்பின் தெரியாதவர்களை நித்திரையால் எழுப்பியிருக்கிறோம்!

ஒரு சொல் விட்டுக்கொடுக்காத மனுசன், அன்றைக்குச் சனத்தோடு சேர்ந்து தானும் சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கினார்.

"தர்சினி, சரியான விடை ஆருக்கும் தெரியலாம். என்ர பிழையான விடை உன்ர தம்பிக்கு எப்பிடித் தெரியும்?"

கேள்வியும் விடையும் இவருடைய ஃபோனில் இருந்தன. போன கிழமை முழுக்க அது குசினியில்தான் சார்ஜில் கிடந்தது, நிருசனும் குசினியில்தான் கிடந்தான். அதைத் திறக்கிற எண் இவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் திறக்கும்போது எட்டிப் பார்த்திருப்பானோ?

"இனி அவன் இந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது" என்றார்.

நிருசன் வில் நகரத்தில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தான். உடனே அவனுக்கு ஃபோன் எடுத்து, இவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய், உண்மையைச் சொல்லு. அத்தான்ர ஃபோனைத் தொட்டனியோ?"

"ஐயோ அக்கா, நான் ஏன் தொடுறன்? எங்கட பெரிய சமையல்காரன் ஒரு யாங்கீஸ் பைத்தியம். என்ர தொப்பியைக் கண்ட நாளில இருந்து அவன்ர வாயில வேற கதை இல்லை. எல்லாம் அவன் சொன்னதுதான்."

"எத்தினை தரம் வெண்டது எண்டும் அவனோ சொன்னவன்?"

"ஓம். 'சீபன்-உன்ட்-ஸ்வான்சிக்' எண்டான். ஏழு கேட்ட உடன ஏழைப் போட்டுட்டன். மாயா சொன்னாப் பிறகுதான் விளங்கினது. வெக்கத்தில ஒண்டும் கதைக்காமல் வந்திட்டன் அக்கா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவனைச் சந்தேகப்பட்டேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. இவரிடம் திரும்பினேன்.

"கேட்டியளோ? உங்களை மாதிரித்தான் அவனும் சறுக்கினவன். மச்சானுக்கும் மச்சானுக்கும் ஒரே காது!"

மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"என்னை அவனோட சேர்க்காத. நாள் முழுக்க ஜெர்மன் எண்ணோட மாரடிக்கிறவன் நான், எனக்குப் பிழைக்குமோ? இருபத்தேழு எண்டு நல்லாத் தெரியும். வேணுமெண்டுதான் மாத்தி எழுதி வைச்சனான். ஆர் களவா எடுத்துக் குடுக்கினம் எண்டு பாக்க."

"அப்ப மண்டபத்தில ஏன் சரியெண்டு சொன்னியள்?"

"பிடிபட்ட ஆளின்ர முகத்தைப் பாக்க."

மண்டபத்தில் இவர் பார்த்தது நிருசனின் முகத்தை இல்லை, என் முகத்தை. நான் கைதட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"அக்கா, லைன்ல நிக்கிறியோ?"

"நிக்கிறன் தம்பி. நாளைக்கு எங்கடினுக்குப் போகேக்க எனக்கும் ஒரு ரிக்கெற் எடு."

இராஜேந்திரன் கழற்றின சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "எத்தினை நாளைக்குப் போறாய்?" என்று கேட்டார்.

"அதையும் ஃபோனில பிழையா எழுதி வைச்சிட்டு, ஆர் வந்து சொல்லினம் எண்டு பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, பெட்டி அடுக்கப் போனேன்.