மேகம் நான்தான்

எங்கள் சர்ச் பாலர் வகுப்பில் எதற்கெடுத்தாலும் ஒரு நாள் உண்டு. மீன் நாள், தொப்பி நாள், யோனா நாள். யோனா நாளன்று திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் போன ஃபெலெத்தி நிஜமாகவே வாந்தி எடுத்துவைத்தான். இதையெல்லாம் கிளப்பிவிடுவது நான்தான். "லூபே டீச்சருக்கு வேற வேலை இல்ல" என்று எங்கள் தீவின் நுகுஅலோஃபா நகரத்தில் தாய்மார்கள் என்னைத் திட்டாத நாள் கிடையாது. திட்டிக்கொண்டே பிள்ளையைச் சிங்காரித்தும் அனுப்பிவிடுவார்கள்.

நோவா கதை முடிகிற வெள்ளிக்கிழமைக்கு வானவில் நாள் வைத்தேன். ஆளுக்கொரு நிறத்தில் உடுத்தி வந்து பெற்றோர் முன்னால் வளைவாக நிற்க வேண்டும். "எனக்குத்தான் மஞ்சள்!" என்று முதலில் கையைத் தூக்கியவள் லெசி. அன்று முழுக்க மஞ்சள், மஞ்சள் என்று என் பின்னாலேயே நச்சரித்துக்கொண்டு திரிந்தாள். மறு வாரமே அவளுடைய பெரியப்பா இறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வந்து நின்றாள். உடுப்பெல்லாம் கருப்பு. எங்கள் ஊரில் சாவு வீட்டார் இடுப்பில் சுற்றிக்கொள்கிற துக்கப் பாய் அவளுக்கு நெஞ்சுவரை ஏறியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் அத்தை ஃபூசி.

நான் ஒரு மடத்தனம் செய்தேன். பாய்க்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் யாருக்கு என்ன என்று, அலமாரியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"கையில என்ன டீச்சர்?" என்றாள் ஃபூசி.

"சும்மா... கொஞ்ச நேரத்துக்குத்தான்..."

"எங்க அண்ணனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அவர் வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சள் கட்டுவீங்களோ? நல்லா இருக்கு உங்க படிப்பு!"

எங்கள் ஊரில் அத்தை சொல்லுக்கு மேல் பேச்சே கிடையாது. பெற்ற அப்பனே வாயைப் பொத்திக்கொள்வான், நான் எம்மாத்திரம்? துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஃபூசி அங்கேயே ஒரு குட்டி நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி முனகியது.

பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினேன். சிவப்புச் சட்டை ஃபெலெத்தி திரும்பிப் பார்த்து, "வானவில்லுல கருப்பு கிடையாதே! கிடையாதே!" என்று ராகம் போட்டான்.

லெசி அழவில்லை. "டீச்சர், நான் வீட்டுக்கே போயிடறேன்" என்றாள், ரொம்ப மரியாதையாக. எவ்வளவு ஆசையாகக் கேட்ட பிள்ளை! அந்த அத்தைக்காரியைக் குட்டி நாற்காலியோடு தூக்கிக் கடலில் போடலாமா என்றிருந்தது.

"எல்லாம் சரி டீச்சர், மேகம் எங்க?" என்றாள் அத்தைக்காரி.

"எந்த மேகம்?"

"நோவாவுக்கு வானவில் மேகத்துலதானே வந்துச்சு? கருமேகம் இல்லாம இது எங்க நிக்கும், துணி காயப்போடற கயித்துலயா? ஞாயித்துக்கிழமை முன்வரிசையில உக்காந்து தூங்குறீங்களா என்ன?"

ஃபூசி லெசி பக்கம் திரும்பினாள்.

"அடியே லெசி, இங்க வா. நீ முதல்ல மேகமா போய் இடிச்சாதான் இவங்களால வர முடியும். போ, நல்லா இடி!"

லெசி முதலில் தயங்கித் தயங்கித்தான் போனாள். பெற்றோர் முன்னால் போய் நின்று, பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு இடி இடித்தாள் பாருங்கள்! முன்வரிசைக் கைக்குழந்தை வீறிட்டது. அவள் பெரியப்பா சர்ச் பாட்டுக் குழுவில் கட்டைக் குரல்காரர். அவர் பாடினால் பெஞ்சு அதிரும். அதே குரலைப் பிள்ளை அப்படியே எடுத்துவிட்டிருந்தாள்.

"ஐயோ, எங்க அண்ணன்!" என்றாள் ஃபூசி. அழுதாள், சிரித்தாள், தன் இடுப்பில் சுற்றியிருந்த துக்கப் பாயிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை இடிடி கண்ணு!"

லெசி எத்தனையோ தடவை இடித்தாள். ஃபெலெத்தி கும்பல் அவளுடைய சம்மதத்துக்காகச் சுவரோரம் காத்துக் கிடந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். திங்கட்கிழமை ஃபெலெத்தி, வீட்டுக்குத் தெரியாமல், கருப்புச் சட்டையும் அப்பாவின் பாயுமாகத் தெருவழியே நடந்து பள்ளிக்கு வந்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து அவன் அம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"டீச்சர், நீங்க உருப்படுவீங்களா? இவன் போன கோலத்தைப் பாத்துட்டு, என் வீட்டுக்காரர் செத்துட்டார்னு நெனச்சு, வாசல் முழுக்க ஆளுங்க சாவு வீட்டுக்குக் கொண்டுவர்ற பாயும் கிழங்குமா நிக்கிறாங்க! முதல் ஆளா ஃபூசி வந்து ஒப்பாரி வெச்சா. என் வீட்டுக்காரர் போய்க் கதவைத் திறந்தாரா, அவரைப் பாத்ததும் அலறிட்டு விழுந்துட்டா!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபெலெத்தியோ பாயைக் கழற்ற மாட்டேன், நானும் மேகம்தான் என்று தரையில் உருண்டான்.

லெசி அலமாரிக்குப் போய் அந்த மஞ்சள் துணியை எடுத்து வந்து அவன் கழுத்தில் கட்டிவிட்டாள்.

"நீ மஞ்சளா இரு. அதான் ரொம்ப நல்ல கலர்" என்றாள். "மேகம் நான்தான்."