மூன்று ஜாண், நாலு ஜாண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நானாக யோசித்த கதை இல்லை. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அளவு பார்ப்பது என் வேலை. மயிரிழை கூடினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற உத்தியோகம். போன மாதம் அப்படி ஒரு பெட்டியைத் திருப்பிவிட்டு டீ குடிக்க வந்தபோது, லைனில் வேலை செய்யும் பிரசன்னா சிரித்தான். "உங்கள மாதிரி ஆளு எங்கம்மா கையில மாட்டியிருக்கணும் சார். தொண்ணூத்தொண்ணுல அது ஜாண் கணக்குல பருத்தி வெதச்சுது."

அந்த வருஷம் அவனுக்கு வயது மூன்று. அவன் சொன்னது வீட்டில் பிறர் சொல்லிக் கேட்டது. நான் எழுதுவது அவன் சொல்லிக் கேட்டது. அளவுக்காரன் எழுதுகிற கதைக்கு இவ்வளவு பிசகு தாராளம்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

மாசி மாத இளவெயிலில் பிள்ளைப்பாக்கத்து வயல்கள் பொன்னாக

(வேண்டாம். நெல் அறுத்து முடிந்த வயல். வெறும் தாள்தான் நின்றது.)

கனகத்துக்கு அன்று காலையிலிருந்தே

(கனகம் யார் என்றே சொல்லவில்லை, அதற்குள் என்ன காலையிலிருந்து?)

கனகம் பிரசன்னாவின் அம்மா. புருஷன் பாண்டுரங்கன் ஒரு போல்ட் கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போனான். ஒரு ஏக்கர் நிலத்தைக் கனகம்தான் பார்த்துக்கொண்டாள். வீட்டில் அவள் எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்க மாமனார் முதல் மச்சினன் வரை ஆள் உண்டு. வயலில் கேட்க ஆள் இல்லை. அதனால் அவளுக்கு வயல் பிடிக்கும்.*

* 1991, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றதும் உங்கள் மனம் எங்கே போகிறது என்று தெரிகிறது. இந்தக் கதை அங்கே போகாது. செடிகளுக்குச் செய்தித்தாள் வருவதில்லை.

2

பாண்டுரங்கனைக் கெட்டவனாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். வசதியாக இருந்திருக்கும். ஆனால் பாவம், அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. ஆறு நாள் போல்ட், ஏழாம் நாள் மண்வெட்டி.

"சவுக்கு வெச்சுட்டா நாலு வருசம் திரும்பிப் பாக்க வாணாம். நீயும் வூட்ல குந்தலாம். கம்பெனிக்காரன் பொண்டாட்டி இன்னாத்துக்கு சேத்துல நிக்கறான்னு கேக்கறானுங்க" என்றான்.

"கேக்கறவனா வந்து நிக்கப்போறான்?"

அப்போதுதான் வேளாண் அலுவலர் வசந்தகுமார் சைக்கிளில் வந்து, நெல் எடுத்த நிலத்தில் பருத்தி போடச் சொல்லி விதை கொடுத்தார். கிளை பரப்புகிற ரகம், வரிசைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள் என்றார். அவர் தலை மறைந்ததும் பாண்டுரங்கன் சிரித்தான்.

"செடி கம்மின்னா காய் எப்டி ஜாஸ்தியாவும்? காலி எடமா காய்க்கும்?"

"காத்து பூந்து போவணும்யா. செடிக்கு மட்டும் மூச்சு முட்டாதா இன்னா?"

பேச்சு முற்றிப் பந்தயமாயிற்று. பாதி வயலில் நெருக்கம், பாதியில் அகலம். முதல் பஞ்செடுப்பில் எந்தப் பக்கம் எடை கூட என்று பார்ப்பது. அகலம் ஜெயித்தால் நிலம் கனகத்தின் பொறுப்பு, அவன் வாயே திறக்கக் கூடாது. நெருக்கம் ஜெயித்தால் சவுக்கு.

3

வசந்தகுமார் சென்டிமீட்டரில் சொன்னதைக் கனகம் தன் கையால் ஜாணாக மாற்றிக்கொண்டாள். வரிசைக்கு வரிசை கிழக்கே மூன்று ஜாண், மேற்கே நாலு. விதை ஊன்றக் கூலிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். கிழக்குப் பாதிக்குக் கங்கம்மாள், நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். மேற்குக்கு மீனம்மாள், அவள் தோளுக்கும் கீழே.

"இந்தாண்ட மூணு, அந்தாண்ட நாலு. மாறிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கனகம் மோட்டார் போடப் போய்விட்டாள்.

இருவரும் நேர்மையானவர்கள். ஒரு வரிசையிலும் ஏமாற்றவில்லை. குழிக்கு இரண்டு விதை போட்டு, பதினைந்தாம் நாள் இளைத்ததைப் பிடுங்கி ஒன்றை மட்டும் நிறுத்தினார்கள்.

4

(இங்கே வசந்தகுமாரின் காதல் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. பிடுங்கிவிட்டேன். நன்றாகத்தான் முளைத்திருந்தது, ஆனால் பக்கத்தில் கனகம் வளர வேண்டும்.)

5

முதல் எடுப்புக்கு இறங்கிய அன்றுதான் கனகத்துக்குச் சந்தேகம் வந்தது. கிழக்கே நடந்தாள், இரண்டு பக்கமும் கிளை புடவையைப் பிடித்து இழுத்தது. மேற்கே நடந்தாள், அங்கேயும் அதே இழுப்பு. அகலப் பாதியில் கை வீசி நடக்க வேண்டாமா? உட்கார்ந்து ஜாண் போட்டாள். இங்கே மூன்று ஜாணும் கொஞ்சமும். அங்கே மூன்று ஜாணும் கொஞ்சமும்.

"மீனம்மா, கையக் காட்டு."

மீனம்மாள் விரித்த கை கங்கம்மாள் உள்ளங்கையில் போய் அடங்கிவிட்டது. நீளக் கையின் மூன்று ஜாணும் குட்டைக் கையின் நாலு ஜாணும் ஒன்றுதான்! (நான் கணக்குப் போட்டேன்: இருபத்தேழு அங்குலம், இருபத்தெட்டு அங்குலம். எங்கள் கம்பெனியில் என்றால் மூன்று பேர் சீட்டுக் கிழிந்திருக்கும்.)

"நான் நாலுதான் வெச்சேங்கா, சத்தியமா!" என்றாள் மீனம்மாள். மூன்று பெண்களும் செடிகளுக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது கனகம். பந்தயம் ஞாபகம் வந்துவிட்டது. அன்று சனிக்கிழமை. ஷிப்ட் முடிந்து பாண்டுரங்கன் தராசோடு வந்துகொண்டிருப்பான்.

6

இங்கிருந்து மூன்று வழிகள் எழுதிப் பார்த்தேன்.

அ. கனகம் கிழக்குக் குவியலிலிருந்து இரண்டு கை பஞ்சை அள்ளி மேற்கில் போடுகிறாள். யாருக்குத் தெரியப்போகிறது? அள்ள வைத்தும்விட்டேன். அதற்குமேல் அவள் கையை நகர்த்த எனக்கு மனசு வரவில்லை.

ஆ. அவள் வாயை மூடிக்கொள்கிறாள். எப்படியும் ஏதோ ஒரு பக்கம் அரைக் கிலோ கூடத்தான் நிற்கும். ஆனால் அவளுடைய வாழ்க்கை அந்த அரைக் கிலோவிலா தொங்க வேண்டும்?

இ.

பாண்டுரங்கன் சைக்கிளை நிறுத்தினான். கனகம் நேரே போய்ச் சொன்னாள்.

"பந்தயம் செல்லாதுய்யா. ரெண்டு பக்கமும் ஒரே எடவெளிதான். கை மாறிப்பூட்ச்சு."

விஷயம் புரிந்ததும் அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சர்தான். அப்போ அடுத்த வருசம் சரியா அளந்து போட்டுப் பாக்கலாம். பந்தயம் அப்டியே கீது" என்றான்.

ஒரு வருஷம் சும்மா கிடைக்கிறது! வாங்கிக்கொள் கனகம் என்று எனக்கே நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் வாங்கவில்லை.

"பந்தயம் வாணாம். வருசா வருசம் ஜெயிச்சுக் காட்டிகினு இருக்க முடியாது. எனக்கு இங்க இருக்கப் புடிச்சிக்கீது, அவ்ளோதான். அதுக்காவ மட்டும் இத்த என்கிட்ட வுடுவியா?"

எனக்கு அவள்மேல் அப்படியொரு மரியாதை வந்தது.

7

மூன்றாவது வழிதான் பிரசன்னா சொன்னது. கனகம் இப்படிக் கேட்ட இடத்தில் சைரன் ஊதி, அவன் கிளவுஸை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான். மறுநாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்று அந்த நிலத்தில் ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பல வருஷம் கழித்து ஊருக்கே வந்தது. நமக்கு வேண்டியது அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலத்துப் பதில்.

பாண்டுரங்கனுக்காக மூன்று பதில் எழுதினேன். மூன்றும் கடைசியில் "பாக்கலாம்" என்றே முடிந்தன. வீட்டில் நான் எத்தனை முறை சொல்லித் தப்பித்த வார்த்தை அது! வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல வேண்டாம். கனகம் எதிரே நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.