தோளில் பாலம் சுமந்தவனின் பதில்

மெய்யான மகிழ்ச்சிக்கு மெர்லின் பேசி முடித்த விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவள் ஐயாயிரம் என்று ஆரம்பித்தாள். சென்னை டப்பிங் கம்பெனிக்காரர் நாலாயிரத்தில் நின்றார். "உங்களுக்கும் வேணாம், எங்களுக்கும் வேணாம்" என்று நடுவில் முடிந்தது.

வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படம் ஒன்று தமிழ் பேச வேண்டும். கடைசிக் காட்சிக்கு மட்டும் மெர்லின் வசனம் எழுத வேண்டும். பிடித்துப்போனால் முழுப் படமும் அவளுக்கு. அதுவரை பூச்சிமருந்துக்கும் சோப்புத்தூளுக்கும் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் சரியான வசனம் போய்ச் சேராவிட்டால் படம் வேறு ஆளுக்கு.

வில்லன் ஊர்ஜனம் மொத்தத்தையும் ஒரு இயந்திரத்தில் மாட்டி, ஓயாத இன்பத்தில் சிரிக்க வைத்திருக்கிறான். ஹீரோவோ இடிந்து விழும் பாலத்தைத் தோளில் தாங்கி நிற்கிறான். மேலே பள்ளிக்கூட வண்டி. "நீயும் வா, மகிழ்ச்சியாக இருக்கலாம்" என்கிறான் வில்லன். தான் ஏற்கெனவே அப்படித்தான் இருப்பதாக, வாயோரம் ரத்தம் வழியச் சொல்கிறான் ஹீரோ. ஒரே வாக்கியம். ஆனால் திரை முழுக்க முகம். வாக்கியம் முடிகிற இடத்தில் உதடு இரண்டும் ஒட்டிப் பிரிகின்றன. தமிழும் அங்கே ஒட்டிப் பிரிய வேண்டும்.

"மெய்யான இன்பத்தில் திளைக்கிறேன்" என்று முதலில் அனுப்பினாள். "கல்யாணப் பத்திரிகையா?" என்று திரும்பி வந்தது. "சந்தோஷமா இருக்கேன்" என்று அனுப்பினாள். "தோள்ல பாலம் கெடக்கும்மா, தியேட்டர்ல சிரிப்பாங்க" என்று திரும்பி வந்தது.

அதனால்தான் இசைப்பிரியாவைக் கூப்பிட்டாள். சிதம்பரத்தில் தத்துவம் படித்துவிட்டு, மெர்லின் குடியிருக்கும் டவுன்ஷிப்பின் பஜாரில் வளையல் கடை வைத்திருக்கும் சிநேகிதி. தத்துவத்தில் காணாத லாபத்தை வளையலில் கண்டதாக அவளே சொல்வாள். கடையைச் சாத்திவிட்டு வந்தாள். குவார்ட்டர்ஸின் உள்ளறையில் மெர்லினின் கணவன் ஆல்பின் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அதனால் மனித வாழ்வின் உச்சப் பயன் பற்றிய விவாதம் முழுவதும் கிசுகிசுப்பில்தான் நடந்தது.

"அந்தக் காலத்து கிரேக்கத்துல ஒரு ஞானிடி. மகிழ்ச்சிங்கறது மனசுல வந்துபோற குஷி இல்ல, ஆயுசுக்கும் நல்லபடியா வாழ்ந்துக்கினு இருக்கறதுன்னார்."

"பாலத்துக்கு அடியில நசுங்கிக்கினு இருக்கறவன் அதுல சேத்தியா?"

"அங்கதான் சண்டை. சித்திரவதை பண்ணாலும் நல்லவன் இன்பமாத்தான் இருக்கான்னு ஒரு கூட்டம் சொல்லிச்சி. போங்கடா, அது ஒளறல்னுட்டார் இவரு."

"ரெண்டாயிரம் வருஷமா தீராததை நாலு மணிக்குள்ள நான் தீக்கணுமா? உதடு ஒட்டற மாதிரி ஒரு வார்த்தை குடுடி, போதும்."

"நிம்மதி?"

"தோள்ல பாலம்டி!"

"பேரின்பம்?"

"பேன்ட்டுக்கு மேல ஜட்டி போட்டவன் வாயில பேரின்பமா?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது போன் அடித்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மெர்லினின் அம்மா செசிலியா. பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்துக் கட்டிலோடு கிடக்கிறாள். இசைப்பிரியாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லாருக்கேம்மா. எதிர்வூட்டுப் பொண்ணு புள்ளத்தாச்சி, அதுக்கு மொச்சை உரிச்சிக்கினு இருக்கேன். படுத்துக்கினே உரிச்சா பாதி கட்டில்லயே உழுது. உன் கடை ஓடுதா? அவ சாப்ட்டாளா?"

"வலி எப்படி இருக்கு?"

"வலிக்காம? ராவெல்லாம் வலிதான். நான் நல்லாருக்கேன், நீங்க வேலையப் பாருங்க."

அம்மாவின் பொய்க்குரல் மெர்லினுக்குத் தெரியும். கருவாட்டுக் கடை வைத்திருந்த அம்மா, வாங்க வந்தவர்களிடம் "எனக்கே அடக்கவிலைதாங்க" என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். இது அந்தக் குரல் இல்லை. வலிக்கிறது என்றதும் நிஜம், நல்லாருக்கேன் என்றதும் நிஜம். ஒன்றில் ஒன்று கழியவில்லை. யோசித்துப் பார்த்தால் இந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாரும் யாரையும் மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று கேட்பதே இல்லை. நல்லாருக்கியா என்றுதான் கேட்கிறார்கள். கிரேக்கத்து ஞானி அத்தனை பாடுபட்டுத் தேடிய சரக்கு இங்கே பால் வாங்கப் போகிறவர்கள் வாயில் இலவசமாகப் புழங்குகிறது.

"அந்த 'நல்லாருக்கேம்மா'ல கடைசியில உதடு ஒட்டுச்சி, கேட்டியா?" என்றாள் மெர்லின்.

"அதுக்காக வில்லனைப் போயி ஹீரோ அம்மான்னு கூப்புடுவானா?"

"அப்பான்னு கூப்புடட்டுமே!" மெர்லின் கத்தியேவிட்டாள்.

"யாருக்கு என்னா?" என்று அலறியடித்து வந்தான் ஆல்பின். லுங்கியும் கலைந்த தலையுமாக நின்றவனை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, சத்தத்தை நிறுத்தி, ஹீரோ வாயசைக்கும்போது பேசச் சொன்னாள். தூக்கம் கெட்ட கரகரப்போடு அவன் பேசினான்.

"நல்லாருக்கேம்ப்பா."

உதடு ஒட்டிப் பிரிந்தது.

அந்தக் குரலையே பதிவு செய்து அனுப்பினாள் மெர்லின். மூன்றரைக்குப் பதில் வந்தது: "இதான்மா! முழுப் படமும் நீங்களே எழுதுங்க."

உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். "தேங்க்ஸ்ம்மா" என்றாள். "எதுக்குடி? பாட்டரி போயிடும், வெய்யி" என்று அம்மா வைத்துவிட்டாள்.

மெர்லின் கணக்குப் பார்த்தாள். இசைப்பிரியா தந்தது ஒரு கிரேக்கர், ஒரு மத்தியான வியாபாரம். சோறும் வஞ்சிர வறுவலும் போட்டதில் கணக்கு நேர். ஆல்பின் தந்தது ஒரு தொண்டை, பாதித் தூக்கம். மறுபடி தூங்கப் போய்விட்டான், நேர். அம்மா தந்தது ஒரு சொல், அதைச் சொல்லும் விதம், அதற்கு முந்தின அத்தனையும். மெர்லின் திருப்பிக் கொடுத்தது ஒரு தேங்க்ஸ், அதையும் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. பாக்கி முழுசும் நிற்கிறது.