டிரைவருக்கு எதுக்குங்க பெட்ரூம்?

சேனாபதி லாரி வாங்குவதற்கு எக்செல் ஷீட் போட்டார். நாற்பத்தேழு வரிசை. எஞ்சின், மைலேஜ், டயர், சரக்குப் பெட்டியின் நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் மதிப்பெண். பதினெட்டு வருடம் ஐ.டி. கம்பெனியில் டெலிவரி மேனேஜராக இருந்தவர், தக்காளி வாங்கவே மூன்று கடை ஆஃபரை ஒப்பிடுகிறவர், லாரியை வேறு எப்படி வாங்குவார்? ஷீட்டில் 'பார்வைக்கு எப்படி' என்பதற்கு இருபது சதவீதம் போட்டிருந்தார். 'படுக்கை' என்பதற்கு இரண்டு.

அந்தப் படுக்கையில் படுக்கப் போகிறவர்கள் தானும் தன் மனைவி வள்ளியும்தான் என்பதை அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. மறக்க முயன்றுகொண்டிருந்தார்.

கதை பிப்ரவரியில் தொடங்கியது. பதினோரு நிமிட வீடியோ கால் ஒன்றில் அவர் வேலை போயிற்று. வயது ஐம்பத்தொன்று. நூற்றெண்பது இடத்துக்கு அப்ளை பண்ணியதில் வந்த பதில் மூன்று. மூன்றையும் இயந்திரம் எழுதியிருந்தது. வீட்டிலிருந்தபடி வள்ளி செய்துவந்த மருத்துவமனை பில்லிங் வேலையோ அந்தக் கோடையிலேயே சொந்த ஊரான கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இருபது வருடமாக டாலஸிலிருந்து ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். போனது வேலை மட்டும்தான்.

வழி கண்டுபிடித்தவள் வள்ளி. இந்தியன் ஸ்டோரில் பழக்கமான யாழ்ப்பாணத்துத் துவாரகாவும் அவள் கணவன் செல்வமணியும் எட்டு வருடமாக லாரி ஓட்டுகிறார்கள். எங்கோ ஒரு தொழிற்சாலை ஒரு சின்னப் பாகம் இல்லாமல் நின்றுபோயிருக்கும். அந்தப் பாகம் நாளைக் காலைக்குள் ஆயிரம் மைல் தாண்டிப் போயாக வேண்டும். அதுதான் அவசரச் சரக்கு. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் தூங்க, வண்டி நிற்காது. அதற்கென்றே ஒரு லாரி உண்டு: தனி டிரெய்லர் கிடையாது, முன்னே கேபின், நடுவே படுக்கையறை, பின்னே சரக்குப் பெட்டி, எல்லாம் ஒரே சட்டத்தின்மேல். மகள் வெண்பா ஆஸ்டினில் காலேஜில் இருக்கிறாள். வீட்டில் காவல் இருக்கத் தேவையில்லை. இருவரும் ரகசியமாகப் படித்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கினார்கள். வள்ளி முதல் தடவையிலேயே. சேனாபதி மூன்றாவது தடவையில்.

இதை அவர் தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் இப்படி அறிவித்தார்: 'சரக்குப் போக்குவரத்துத் துறையில் தடம் பதிக்கிறேன்.' நாற்பத்தாறு பேர் கைதட்டினார்கள். ஒருவர் 'சி.ஈ.ஓ. சார்' என்றார். சேனாபதி மறுக்கவில்லை; ஓட்டப்போவது தாங்கள்தான் என்றும் சொல்லவில்லை.

அதன் பலன் இந்தச் சனிக்கிழமை அவருடைய காரிலேயே, வள்ளியைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது. மயில்சாமி, தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் தலைவர், அதற்குப் பின் வந்த எல்லாத் தலைவர்களுக்கும் யாரும் கேட்காத ஆலோசகர். லாரி செலக்ட் பண்ண நானும் வர்றேன் என்று வந்துவிட்டார். லாரி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது அவரை எப்போதும் தடுத்ததில்லை.

டாலஸுக்குத் தெற்கே பழைய லாரிகள் விற்கும் யார்டில் செல்வமணி காத்திருந்தான். வள்ளி ஃபோன் பண்ணி வரச் சொல்லியிருந்தாள். அவனைப் பார்த்ததும் சேனாபதி ஷீட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார். போன ஜனவரி பொங்கல் விழாவில் அவர்தான் பார்க்கிங் கமிட்டி. பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் யாரோ லாரியை நிறுத்தியிருக்க, மைக்கைப் பிடித்து, "அந்த லாரி டிரைவர் தயவுசெஞ்சு வண்டிய எடுத்துருங்க, இது ஃபேமிலி ஃபங்ஷன்" என்றார். கூட்டம் சிரித்தது. அந்த டிரைவர் யாரென்று போன வாரம்தான் வள்ளி மூலம் தெரிந்தது. லோடு இறக்கிவிட்டு நேராக வந்த செல்வமணியும் துவாரகாவும் சாப்பிடாமலே போயிருக்கிறார்கள். மைக்கில் பேசியது யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று சேனாபதி அன்றிலிருந்து பிரார்த்தித்துக்கொண்டிருந்தார்.

யார்டில் இரண்டு லாரிகள் தேறின. ஒன்று சிவப்பு. இருபத்தாறு அடிப் பெட்டி, முகம் முழுக்க பளபளவென்று குரோம், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் பெஞ்சு அகலத்துக்கு ஒரு படுக்கை. இன்னொன்று வெள்ளை. இருபத்திரண்டு அடிப் பெட்டி, யாரோ ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டிய தழும்பு கதவில். உள்ளே எட்டடிக்குப் படுக்கையறை, சின்ன ஃபிரிட்ஜ், கை கழுவத் தொட்டி.

"இதென்னங் சந்தேகம், சிவப்புதானுங்!" என்றார் மயில்சாமி. "கோயில் வாசல்ல நிறுத்திப் பூஜை போட்டா எப்படி இருக்கும்? அந்த வெள்ளை ஐஸ்க்ரீம் வண்டியாட்டம் இருக்குதுங்."

"அண்ணை, பெட்டி இருபத்திரண்டு அடி காணும், கூட வேண்டாம்," என்றான் செல்வமணி, அளவு டேப்பை இழுத்தபடி. "பாதி நாள் நாங்கள் ஏத்திறது ஒரேயொரு பலட், ஒரு மரத்தட்டுச் சாமான். மாசத்தில இருபது நாள் நீங்கள் சீவிக்கப்போறது படுக்கைக்குள்ளதான். வெள்ளைய வடிவாப் பாருங்கோ."

"டிரைவருக்கு எதுக்குங்க பெட்ரூம்?" மயில்சாமி சிரித்தார். "ஃபிரிட்ஜு வேற! இவனுகளுக்கு இத்தனை சொகுசு குடுத்தா வேலை செய்வானுங்களா? என்னங் சேனாபதி?"

சேனாபதியும் சிரித்தார். "அதானுங்க. படுக்கறவன் எங்கயும் படுத்துக்குவான்."

சொன்ன பிறகுதான் வள்ளியைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றி வைத்தாள், சிவப்பு லாரியில் ஏறினாள், அந்தப் பெஞ்சில் படுத்தாள். முழங்காலை மடக்கினால் இருக்கையின் முதுகு இடித்தது, நீட்டினால் கதவு. ஐந்தடி இரண்டங்குலப் பெண்மணி.

"எனக்கே பத்தலைங்க," என்றாள் உள்ளேயிருந்து.

"உங்களுக்கெதுக்குமா இந்த வேலை, எறங்குங்க, சேலை அழுக்காயிரும்," என்றார் மயில்சாமி. பிறகு செல்வமணி பக்கம் திரும்பினார், அவனையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மையோடு. "தம்பி, உனக்குத் தெரியாது, நம்ம சேனாபதிக்கு லாரிக்காரங்களை மேய்க்கிறது புதுசில்ல. பொங்கலப்போ ஒருத்தன் லாரியோட வந்துட்டான், இவரு மைக்குல போட்டாரு பாரு ஒரு போடு!"

டேப் 'சர்ரக்' என்று உள்ளே சுருண்டது.

"அது எங்கட வண்டிதான்," என்றான் செல்வமணி. குரலில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. "அதுவும் இருபத்திரண்டு அடிதான்." டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெள்ளை லாரியின் டயரைப் பார்க்கக் குனிந்தான்.

மயில்சாமி ஒரு கணம் விழித்தார், பிறகு ஃபோனை எடுத்து லாரிகளைப் படம் பிடிக்கத் தொடங்கினார். சேனாபதிக்கு அந்தப் போக்கிடமும் இல்லை. அவர் ஷீட்டைப் பார்த்தார். நாற்பத்தேழு வரிசையில் எதிலும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அப்போது யார்டுக்காரக் கிழவர் வந்து, ஓட்டிப் பார்ப்பது யார், லைசென்ஸ் கொடுங்கள் என்றார். சேனாபதியின் கை பர்ஸ் வரை போனது. மயில்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். கை திரும்பி வந்து மூக்கைச் சொறிந்தது.

"நான் எடுக்கிறன் அண்ணை," என்றான் செல்வமணி, தாழ்ந்த குரலில். அவமானப்பட்டவன் அவமானப்படுத்தியவனுக்குக் குடை பிடிக்கிறான். இதைவிட அவன் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"வேண்டாம் தம்பி," என்ற வள்ளி, கைப்பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்துக் கிழவரிடம் நீட்டினாள். வெள்ளை லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்தாள்.

மயில்சாமிக்கு வாய் திறந்தது மூடவில்லை. "ஏனுங் சேனாபதி, உங்க வூட்ல... லாரியா?"

உண்மையைச் சொல்ல அதைவிடத் தோதான நேரம் வாய்க்காது. சேனாபதி வாயைத் திறந்தார். "அதுங்களா... அவளுக்கு அது ஒரு ஹாபி மாதிரிங்க."

லாரியின் ஜன்னல் இறக்கித்தான் இருந்தது. வள்ளி திரும்பவில்லை, பக்கக் கண்ணாடியை மறுபடி ஒருமுறை சரிசெய்தாள், ஏற்கெனவே சரியாக இருந்ததை. மயில்சாமி, ஒரு மீட்டிங் இருக்குதுங் என்று ஊபரைக் கூப்பிட்டுக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

"நீங்கள் பின்னால ஏறிப் படுங்கோ அண்ணை," என்றான் செல்வமணி. "நிண்ட வண்டியில ஆருக்கும் நித்திரை வரும். ஓடேக்க படுத்துப் பாத்துத்தான் வாங்கவேணும்."

சேனாபதி படுத்தார். விழாமலிருக்கக் குறுக்கே வலைப்பட்டியை மாட்டிக்கொண்டார், திரையை இழுத்துவிட்டார். வண்டி கிளம்பியது. இருட்டு. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகத் தன் முகத்தை யாரும் பார்க்காத இடம். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். இல்லை. இருட்டிலும் காது எரிந்தது. ஹாபி. வேலை போன அந்த வாரம் இவரைத் தூங்க வைத்துவிட்டுத் தான் விழித்திருந்தவள். பார்க் பண்ணுவதில் இவர் இரண்டு முறை ஃபெயிலானபோது கோன்களை எடுத்து வைத்துப் பழக்கியவள்.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. குழுவில் மயில்சாமி, அதற்குள். சிவப்பு லாரியின் குரோம் முகம், அதன் முன் சேனாபதி. 'நம் தொழிலதிபர் சேனாபதி தன் முதல் வாகனத்துடன். டிரைவர் வேலைக்கு ஆள் தேவைப்படுவோர் அணுகலாம்.' ஆள் தேவைப்படுவோரா, வேலை தேவைப்படுவோரா என்பதுகூட அவருக்குச் சரியாக வரவில்லை. கீழே கைதட்டல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு ரோஜாப்பூவும்.

சேனாபதி தட்டினார்: 'நன்றி நண்பர்களே.' அழித்தார். 'சிறு திருத்தம்' என்று ஆரம்பித்தார். ஆபீஸ் வாடை அடித்தது, அழித்தார். திரைக்கு அப்பால் வள்ளி கியரைப் பற்றி ஏதோ கேட்க, செல்வமணி பதில் சொல்வது கேட்டது. இரண்டு டிரைவர்கள் பேசிக்கொள்கிற பேச்சு.

'டிரைவர் தேவையில்லை. நானும் வள்ளியும்தான் ஓட்டப்போறோம். எனக்கு வேலை போய் ஒன்பது மாசம் ஆச்சு. பொங்கல் அன்னிக்கு நான் மைக்குல விரட்டினது செல்வமணியையும் துவாரகாவையும். அவங்கதான் இப்ப எங்களுக்கு வண்டி பாத்துக் குடுக்கறாங்க.'

அனுப்பும் அம்பின்மேல் விரல் நின்றது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பழியை டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறைமேல் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். முடியாது, அழுத்தியது அவர்தான்.

கைதட்டல்கள் நின்றன. பார்த்ததற்கான நீலக் குறிகள் ஒவ்வொன்றாக ஏறின. பன்னிரண்டு பேர். இருபத்தைந்து. நாற்பத்தொன்று. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. குழுவில் அப்படி ஒரு மௌனம் இதற்குமுன் இரங்கல் செய்திக்குக்கூட இருந்ததில்லை.

திரைக்கு முன்னால் ஒரு ஃபோன் 'டிங்' என்றது. வள்ளியுடையது, அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். ஓட்டுகிறவள் எடுக்கவில்லை. "தம்பி, என்னன்னு கொஞ்சம் படிங்க," என்றாள்.

செல்வமணி படித்தான். முதல் வரி சத்தமாக. அப்புறம் சத்தம் குறைந்து, கடைசி இரண்டு வரி கேட்கவேயில்லை.

"அண்ணை," என்றான் கடைசியில், திரையை விலக்காமல். "நித்திரை வருதோ?"

"வரலை தம்பி."

"மெத்தை பிழையோ?"

சேனாபதி கண்களை மூடிக்கொண்டார். "இல்ல தம்பி. மெத்தை நல்லாத்தான் இருக்கு. இந்த வண்டியே எடுத்துக்கலாம்."

வள்ளி இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினாள்.