மஞ்சள் கதவில் பச்சைக் கோடு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காது கொடுத்து எடுத்தது. என் பழைய காருக்கு எண்ணெய் மாற்ற ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு தண்ணீர் கேன், மூன்று நாற்காலிகள், போன வருடத்து நாட்காட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டே கதவுகள் கொண்ட ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. அதன் கதவருகே குந்தியிருந்த மனிதர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே கார்க்காரரிடம் சொன்னார்:

"சார், இது எந்த வண்டியும் இடிச்சதில்ல."

கார்க்காரர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். பிறகு, "அப்ப வேணாம் சார், விட்டுடுங்க," என்றார். இன்சூரன்ஸ் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் போட்டது. எண்ணெய் மாற்றியவன் என் காரைப் பற்றிச் சொன்ன எதுவும் அன்று என் காதில் ஏறவில்லை. கைக்கு வரவிருந்த பணத்தை ஒருவர் ஒரே வாக்கியத்தில் ஏன் விட்டார்?

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"காலை வெயிலில் அந்த மஞ்சள் கார் ஒரு—" உவமை கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் பழங்கள்.

"அவன் அந்தக் காரை மனைவியைவிட—" நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியத்தை முடிக்க ஒரு வழிதான் உண்டு. அதை ஏற்கெனவே எல்லோரும் முடித்துவிட்டார்கள்.

"பள்ளம் கட்டைவிரல் பதியும் அளவுதான். அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பச்சையாக ஒரு கோடு." இதை வைத்துக்கொள்கிறேன். பட்டறையில் அந்தக் கோட்டை நானே பார்த்தேன்.

(கணவனுக்கு 'அவர்', மனைவிக்கு 'அவள்' என்று எழுதிப் பழகிய கை. திருத்தி இருவரையும் 'அவர்' ஆக்கினேன். சமையலறையில் நிற்பது எந்த அவர் என்று எனக்கே குழம்பியது. ஆகவே அவன், அவள். மரியாதைக் குறைவு இருவருக்கும் சமமாக.)

3

அவனுக்கு ஒரு தொழில் வேண்டும். முதலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொடுத்தேன். ஊரார் கண்ணைச் சோதிப்பவனுக்குத் தன் வீட்டில் நடப்பது தெரியவில்லை என்று விமர்சனம் எழுதுபவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். கடையை மூடினேன்.

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தக்காரன் ஆக்கினேன். நாற்பது கட்டடங்கள், வேலைக்கு இரண்டு பேர். குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டும் அவன் பொறுப்பு. அந்தச் சலுகையில்தான் அடித்தளத்தில் லிஃப்ட் வாசலுக்கு நேர் எதிரே கார் நிறுத்த இடம் கிடைத்தது.

நாற்பத்தாறு வயதில், இரண்டாம் கையாக அந்த மஞ்சள் காரை வாங்கினான். வேலைக்குப் போவது பைக்கில்தான், கார் சனி ஞாயிறுக்கு. அதில் ஏறுவது கிணற்றில் இறங்குவது மாதிரி. இறங்கும்போது முதலில் ஒரு கால் வெளியே வரும், பிறகு ஒரு முனகல், பிறகுதான் ஆள். மனைவி அந்தக் காருக்கு 'உங்க சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தாள்.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எந்தப் பொருளிலும் தேதியும் நேரமும் எழுதி ஒட்டாமல் அவள் கை ஓயாது. குளிர்பெட்டியில் இருக்கும் தயிர்க் கிண்ணத்துக்கும் ஒரு சீட்டு உண்டு.

அடித்தளத்தில் லிஃப்ட் தரைமட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிற்கும். அங்கே வெளியே வருபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கால் தடுக்கியிருக்கிறார்கள்.

"ஊர் லிஃப்டெல்லாம் பாக்குறீங்க. நம்ம லிஃப்டு பள்ளத்துல நிக்குது."

"சொல்றேம்மா. பசங்க வந்து பாத்துடுவாங்க."

இது மூன்று வருடங்களுக்கு முன்பு. பிறகு இன்னும் இரண்டு தடவை சொன்னாள். பையன்கள் வரவில்லை. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

4

பள்ளத்தை அவன் ஒரு புதன்கிழமை காலையில் பார்த்தான். அன்று மாலையே சமையலறை வாசலில் நின்று அறிவித்தான்.

"சனிக்கிழமை மால்ல நிறுத்தினேன்ல, அங்க எவனோ இடிச்சிட்டுப் போயிருக்கான். க்ளெய்ம் போட்டுடுறேன்."

"எதுக்குங்க? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு."

"எறும்பா? கதவையே மாத்தணும்ங்கறான் பட்டறையில."

"பின்ன, ஒண்ணும் தெரியல வீட்டுக்குப் போங்கன்னா சொல்லுவான்? அஞ்சு வருஷமா க்ளெய்ம் போடாததுக்குத் தள்ளுபடி ஏறிட்டு வருது. இப்ப போட்டா மொத்தமும் போச்சு. அதுக்குக் கைக்காசு போட்டுத் தட்டி எடுத்துடலாம்."

"உனக்கென்ன திடீர்னு என் கார் மேல அக்கறை?"

"உங்க சின்ன வீட்டு மேல எனக்கென்ன அக்கறை? நஷ்டம் யாருக்கு வந்தா என்ன, நஷ்டம்தானே."

முதல் பிரதியில் அவள் இதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள். கதைகளில் மறைக்கிறவர்கள் எல்லோரும் பாத்திரம் கழுவுகிறார்கள். குழாயை அடைத்து அவளைத் திருப்பி நிறுத்தினேன். நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கணக்கும் சரி.

அவன் க்ளெய்ம் போட்டான். 'அடையாளம் தெரியாத வாகனம் மோதியது' என்று படிவத்தில் எழுதினான். அவன் அதை நம்பினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

5

மதிப்பீட்டாளர் அடித்தளத்துக்கே வந்தார்.*

லிஃப்டை விட்டு வெளியே வந்தவருக்குக் கால் தடுக்கியது. கார் மீது கை ஊன்றித் தப்பித்தார்.

"சார், லிஃப்டு ரெண்டு சென்டி இறங்கி நிக்குது. பாக்குறவங்ககிட்ட சொல்லுங்க. யாராவது விழுந்து தொலைக்கப் போறாங்க."

"சொல்லியிருக்கேன்," என்றான் அவன்.

மதிப்பீட்டாளர் குந்தி உட்கார்ந்தார். நாடாவின் நுனியைத் தரையில் அழுத்தி, மேலே இழுத்து, பள்ளத்தின் நடுவில் நிறுத்தினார். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். கோட்டைச் சுண்டுவிரல் நகத்தால் சுரண்டி முகர்ந்தும் பார்த்தார். இது இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"சார், இது எந்த வண்டியும் இடிச்சதில்ல."

"பின்ன?"

"கார்க் கதவு பட்டிருந்தா நெட்டுக்கு ஒரு வெட்டு விழும். தள்ளுவண்டின்னா இன்னும் மேல. இது ஒரு மூலை. உருண்டு வந்து இடிச்ச மூலை. பச்சைப் பிளாஸ்டிக்கு. பெட்டி சார், துணிப்பெட்டி."

"மால்ல யாராவது பெட்டியோட—"

"மாலுக்கு யாரு சார் பெட்டி தூக்கிட்டு வர்றாங்க? இன்னொண்ணும் பாருங்க." கோட்டின் ஒரு பாதியைக் காட்டினார். அங்கே பச்சை மங்கி, சுற்றிலும் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். "யாரோ துடைக்கப் பாத்திருக்காங்க. ஈரத் துணி வெச்சு, நேரம் எடுத்து. ஊராளுங்க இடிச்சா நின்னு துடைக்க மாட்டாங்க சார். ஓடிடுவாங்க."

அவன் குனிந்து அந்த வட்டத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மதிப்பீட்டாளர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு இறங்கிவந்தார்.

"பயப்படாதீங்க, க்ளெய்ம் போகாதுன்னு சொல்லல. காரணத்த மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க. சாமான் எடுத்துட்டுப் போறப்ப இடிச்சதுன்னு போடுங்க, நான் பாஸ் பண்ணிடுறேன். ஆனா யார் எடுத்துட்டுப் போனாங்களோ அவங்க கையெழுத்து வேணும். கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க."

புதுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, போகும்போது ஞாபகமாகக் காலைப் பார்த்து வைத்து லிஃப்டுக்குள் போனார்.

* இன்சூரன்ஸில் வேலை பார்க்கும் நண்பர் பிரதியைப் படித்துவிட்டுச் சொன்னது: "இவ்ளோ சின்னதுக்கெல்லாம் வீடு தேடி யாரும் வரமாட்டாங்கய்யா. போன்ல நாலு போட்டோ எடுத்து அனுப்புன்னுவாங்க." அவர் சொல்வது சரி. அந்த லிஃப்டில் ஒரு வெளியாளுக்குக் கால் தடுக்க வேண்டியிருந்தது, வரவழைத்தேன்.

6

(நீக்கப்பட்டது. எதிர்வீட்டுப் பச்சைச் சைக்கிள்தான் காரணம் என்று எழுதிப் பார்த்தேன். இருவரும் சிரித்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். பட்டறையில் நான் பார்த்த மனிதர் சைக்கிளுக்காக அவ்வளவு நேரம் கதவைப் பார்த்திருக்க மாட்டார்.)

7

அவன் மேலே போனான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். படுக்கையறை அலமாரியின் மேல் மூன்று பச்சைப் பெட்டிகள், பெரியது, நடு, சின்னது. நடுப் பெட்டியின் கைப்பிடி எப்போதும் சுவர்ப் பக்கம் இருக்கும். இப்போது அறைப் பக்கம் இருந்தது. மூலையில் மஞ்சளாக ஒரு கீற்று.

பெட்டியின் மேல் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'போர்வைகள்', போன வருடத் தேதி. அலமாரியைத் திறந்தான். போர்வைகள் கீழ்த்தட்டில் இருந்தன, ஒழுங்காக மடித்து.

அப்படியானால் பெட்டியில் என்ன இருக்கிறது?

லிஃப்ட் வாசலில் ஆட்களைப் பார்த்தே மொத்த எடை சொல்கிறவன். கையை நீட்டி லேசாக ஆட்டிப் பார்த்தால் போதும், காலியா இல்லையா என்று தெரிந்துவிடும். நீட்டவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

8

என் சந்தேகம் அவனைப் பற்றியல்ல, அவளைப் பற்றி. கிளம்பியவள் ஏன் திரும்பினாள்?

முதலில், ஏன் கிளம்பினாள் என்பதற்கே மூன்று காரணங்கள் எழுதி அடித்தேன். கணவனைக் குடிகாரனாகவோ கைநீட்டுகிறவனாகவோ வைத்தால் பெட்டி தானாக நகரும், எனக்கு வேலையே இல்லை. இவன் எதுவும் இல்லை. எதற்கும் 'சொல்றேம்மா' என்பவன். அவள் அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு லீவு சொல்றேம்மா. பெண்ணைக் கல்லூரி விடுதியில் போய்ப் பார்க்க நாள் சொல்றேம்மா. லிஃப்டுக்குச் சொல்றேம்மா. இப்படிப் பத்தொன்பது வருடங்கள். இதுவே போதும் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்குப் போதவில்லை என்றால் ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளோடு நானும் லிஃப்டில் இறங்கினேன். முன்வாசலில் யாராவது பார்ப்பார்கள் என்று அடித்தளம் வழியாகப் போனாள், வாடகைக் கார் பின்தெருவில் நின்றது. கீழே கதவு திறந்ததும் பெட்டியை இழுத்தாள். சக்கரங்கள் அந்த இரண்டு சென்டிமீட்டர் விளிம்பில் மாட்டிக்கொண்டன. மறுபடி இழுத்தாள். "சனியனே," என்றாள், யாரை என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் இழுக்க, பெட்டி துள்ளி ஏறி, அவள் பிடியிலிருந்து நழுவியது. நான்கு சக்கரப் பெட்டி. தரை அங்கே சாக்கடைக் குழியை நோக்கிச் சற்றே சரிவு. யாரும் தள்ளாமல், அவசரம் இல்லாமல், தானாக உருண்டு போய் மஞ்சள் கதவில் முட்டி நின்றது.

அவள் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள். கதவைத் துடைக்கத் தொடங்கினாள். வாடகைக் காரோட்டி போனில் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். துடைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கே எனக்கு அவள் முகம் தெரியவில்லை. சமையலறையில் திருப்பி நிறுத்தினேனே, அதே மாதிரி இங்கேயும் முயன்றேன். திரும்பவில்லை. கோடு பாதி போன அளவில் எழுந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு, வந்த லிஃப்டிலேயே மேலே போய்விட்டாள்.

9

முடிவு, முதல் வடிவம்: அவன் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பேனாவையும் வைத்து, "இங்க ஒரு கையெழுத்து," என்கிறான். அவள் படித்துப் பார்க்கிறாள். கையெழுத்துப் போடுகிறாள். பழக்கதோஷம், அதற்குக் கீழே செவ்வாய்க்கிழமைத் தேதியையும் எழுதி, நேரம் 11.10 என்றும் போடுகிறாள்.

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாம் வடிவம், பட்டறையில் பார்த்த கார்க்காரருடையது: படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறான். பள்ளம் அப்படியே இருக்கிறது. இருவரும் தினமும் அதைத் தாண்டிப் போகிறார்கள். பெட்டி அலமாரி மேல்.

இதற்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. அநேகமாக நடந்ததும் இதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருக்கும்போது, அவன் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனான். லிஃப்டை மேலே ஏற்றி நிறுத்தி, அதன் குழிக்குள் இறங்கி, லிஃப்ட் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும், சுவரில் இருந்த ஒரு காந்தத் தகட்டைத் தளர்த்தினான்.

நான் அவனைத் தடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அடைப்புக்குறிக்குள் போட்டுத் தடுத்தேன். (யோசித்துப் பார். அந்த விளிம்புதான் பெட்டியை நிறுத்தியது. நீ பத்தொன்பது வருடத்தில் செய்யாததை உன் சோம்பேறித்தனம் இரண்டு சென்டிமீட்டரில் செய்தது. மட்டம் பண்ணிவிட்டால் அடுத்த தடவை சக்கரம் மாட்டாது.)

அவனுக்கு அது தெரிந்திருந்தது. தகட்டை நகர்த்தி இறுக்கினான். லிஃப்டைக் கீழே இறக்கி, வாசலில் மண்டியிட்டு, ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தான். குமிழி நடுவில் வந்து நின்றது. பார்த்துவிட்டு லிஃப்டை மேலே அனுப்பி, அது திரும்பி வந்தும் அதே மட்டத்தில் நிற்கிறதா என்று மறுபடியும் சோதிக்கக் காத்திருந்தான்.

திரும்பி வந்த லிஃப்டில் அவள் இருந்தாள், கையில் குப்பைப் பையுடன். கதவு திறந்தது. வழக்கம்போலக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் எதிர்பார்த்த இடத்தில் விளிம்பு இல்லாமல் தொப்பென்று இறங்கியது. குனிந்து பார்த்தாள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, செருப்பு நுனியால் அந்த இணைப்பை ஒருமுறை தடவினாள்.

"சரி பண்ணிட்டீங்களா?"

"ம்."

"மூணு வருஷம்."

"இருபது நிமிஷ வேலைதான்."

"அதான் சொன்னேன்." பையை மறு கைக்கு மாற்றினாள். கார்க் கதவைப் பார்த்தாள், பிறகு அவன் சட்டைப் பையை. மடித்த தாளின் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "க்ளெய்ம் என்னாச்சு?"

அவனுக்கு இரண்டு பதில்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று: "வேணாம்னு சொல்லிட்டேன்." இன்னொன்று: "செவ்வாய்க்கிழமை எங்கம்மா கிளம்பின?" இரண்டுமே அவன் வாயில் உட்காருகின்றன. இரண்டாவதைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று நான் எழுதி வைக்கவில்லை. அவள் இன்னும் லிஃப்டுக்குள்தான் நிற்கிறாள்.

அந்த லிஃப்டின் கதவு திறந்து ஏழு வினாடி நிற்கும். அவனே வைத்த அளவு. என் வாக்கியங்கள் அதில் நாலைந்து வினாடிகளைத் தின்றுவிட்டன. அவன் முட்டியை ஊன்றி எழுந்துகொண்டிருக்கிறான். காரிலிருந்து இறங்கும்போது வரும் அதே முனகல். கைக்குக் கதவு எட்டவில்லை.

நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். கதவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?