முட்டி வைத்துக் கட்டிய கேபிள்

கங்கையா யாரையும் நம்பமாட்டார். டீக்கடையில் டீ வாங்கினால்கூட, பாலா தண்ணியா என்று விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள்.

சித்தூர்ப் பக்கம் காலமெல்லாம் கரும்பு வெட்டிக் கட்டியவர். ஊர் சனமெல்லாம் பெங்களூருக்கு மூட்டை கட்டிய வருஷங்களில் கரும்பு வேலை படுத்துப்போக, மகள் ரூபாவிடமே கூலிக்குச் சேர்ந்தார். டிப்ளமா படித்த ரூபா, திருப்பதியில் ஒரு டேட்டா சென்டரில் கேபிள் இழுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அன்று மத்தியானம் வேலையைப் பார்க்க ஆபீசர் வருவார். சரி என்றால் அடுத்த வேலை அவளுக்குப் பெங்களூரில். இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

காலையில் ரூபா கேபிளைச் சோதிக்கிற மெஷினைச் சொருகினாள். வரிசையாகப் பெயில். பின்பக்கம் போய்ப் பார்த்தால், கேபிள்களை ஒன்றாகச் சேர்த்து, முட்டியால் அமுக்கி, பிளாஸ்டிக் பட்டையை இறுக்கோ இறுக்கென்று இறுக்கியிருந்தது.

"யாரு நைனா இப்படிக் கட்னது?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"நான்தான். அவுருதா பாரு."

"அவுராது. கரும்பாட்டம் லாரில ஏத்தி சக்கர பேக்டரிக்கு அனுப்பப்போறமா?"

"தொளதொளன்னு வுட்டா எவன்னா உருவிக்கினு பூடுவான்."

"உருவி இன்னா பண்ணுவான், கடிச்சித் துன்னுவானா? உள்ள மெல்லிசுக் கம்பி ரெண்டு ரெண்டா முறுக்கிக்கினு கீது. நசுக்கினா வேல செய்யாது. கட்டுக்குள்ள வெரலு நொழையணும்."

"மெஷினு நீ சொன்னபடி கேக்குது, பாப்பா. நீ சொருவுனா பெயிலுன்னுதான் காட்டும்."

அவள் கட்டரை நீட்டினாள். ஒரே ஒரு கட்டை மட்டும் வெட்டி, மெஷினை அவரே சொருகினார். பாஸ். இன்னொன்று. அதுவும் பாஸ். அப்புறம் எல்லாவற்றையும் வெட்டினார். ரொம்ப நசுங்கியதைப் பிடுங்கிப் புதிதாக இழுத்தார்கள். ரூபா ஒட்டி உரிக்கிற துணிப்பட்டையைத் தளர்வாகச் சுற்ற, அவர் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார்.

"உன் வெரலு வேணாம் நைனா. அது மத்தவங்களுக்கு ரெண்டு வெரலு."

ஆபீசர் வந்தார். மெஷினைச் சொருகினார், கட்டை ஆட்டிப் பார்த்தார். "பாகுந்தி, நல்லா இருக்கு. திங்கக்கிழம பெங்களூர் வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீயும் வரியா நைனா?"

"அங்க எவன நம்பறது?"

"என்னிய நம்பு."

"காலைல இருந்து குனிஞ்சி வெட்னது யார நம்பியாம்?"

"மெஷின நம்பி" என்றாள் ரூபா.

அவர் கட்டரைத் துடைத்து அவளிடம் கொடுத்தார். பெங்களூரில் குளிருமா என்று கேட்டார்.