ஓரெஸ்டின் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்

பதினோரு நாளாக என் புருஷன் ஓரெஸ்டிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் அவனுக்கு வாங்கிய பிறந்தநாள் சட்டையைக்கூட என்னால் ஒரு நாள் மறைக்க முடிந்ததில்லை. இதை மறைத்ததில் சோறு தண்ணி இறங்கவில்லை எனக்கு.

விஷயம் இதுதான். ஓரெஸ்டின் குரலைக் காணோம்.

தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று வினிபெக் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் டாஃபினில் இருபத்தேழு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவன், ஒரு நிமிஷம் வாயை மூடாதவன், அவனுக்குப் போய் இப்படி! அப்போது ஜோசலின் என்கிற பேச்சு தெரபிஸ்ட் ஒரு வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஆயிரத்து அறுநூறு வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய்துவிட்டால், பிறகு அவன் ஒரு டேப்லெட்டில் எதை டைப் அடித்தாலும் அது அவன் குரலிலேயே பேசுமாம்.

எதிரொலி கேட்கக் கூடாதென்று, துணி அலமாரிக்குள் குளிர்கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு மாசம் படித்தான். எல்லாவற்றையும் கீழ் அறையில் இருக்கிற கறுப்புப் பெட்டியில் போட்டு வைத்தான். ஒரு பிரெட் பாக்கெட் அளவுதான் இருக்கும். உள்ளே ரெண்டு ஹார்டு டிஸ்க். வீட்டு வைஃபை வழியாக வீட்டுக்குள் எந்த மூலையிலிருந்தும் அதைத் திறக்கலாம். "நம்ம சாமானை எவன் கம்ப்யூட்டர்லயோ எதுக்கு வைக்கணும்? நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்பான். வேறு எங்கும் ஒரு பிரதி கிடையாது.

ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே என் பழைய லேப்டாப் உயிரை விட்டது. புதுசு ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஜோசலின் எழுதினாள்: பதிவுகளை ரெண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள். சரி என்று லேப்டாப்பைத் திறந்து தேடினால் பெட்டியே இல்லை! நெட்வொர்க்கில் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. அணைத்துப் போட்டேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், கெஞ்சினேன், திட்டினேன். அதே பதில்.

அவனிடம் எப்படிச் சொல்வது? கழுத்தில் ஓட்டையோடு, வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், மிச்சம் இருந்ததும் போச்சு என்று எந்த வாயால் சொல்வேன்? எடுத்த குரல்வளையைத் திரும்ப வைத்து மறுபடியும் படி என்றா சொல்ல முடியும்?

கடைசியில் பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டேன். ஒரு பையன் பேசினான். "பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும் மேடம். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி உள்ள விட்டு பத்து செகண்ட் அமுக்குங்க."

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிடுமாப்பா?"

"போகாதுன்னுதான் நெனைக்கிறேன் மேடம்."

நெனைக்கிறானாம்! அவன் வீட்டுக் குரலா போகப்போகிறது? ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, ஓரெஸ்ட் தூங்குகிறான் என்று நினைத்துக் கீழே போனேன். கிளிப்பை நிமிர்த்தினேன். ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து நுனியை வைத்தேன்.

தட் தட் தட் என்று சத்தம். திரும்பினால், படிக்கட்டில் பைஜாமாவோடு ஓரெஸ்ட், செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் அடித்துக்கொண்டிருக்கிறான். கத்த முடியாதே, பாவம். பலகையில் எழுதி நீட்டினான்: "கைய எடு!!!"

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எத்தனை நாளா?" என்று எழுதினான்.

"பதினோரு நாள்."

"மடச்சி." அதை அழிக்கக்கூட இல்லை. குனிந்து பெட்டியைப் பார்த்தான். பச்சை விளக்கு. மேலே கையை வைத்துப் பார்த்தான். "நல்லா ஓடுது" என்று எழுதினான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து ரெண்டு தட்டு தட்டி என் பக்கம் திருப்பினான். எல்லாம் இருந்தது! வரிசையாக, ஒன்று குறையாமல்! அப்படியே உருளைக்கிழங்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப என் லேப்டாப்புக்கு மட்டும் ஏன் காட்ட மாட்டேங்குது? என் மேல அதுக்கு என்ன காண்டு?"

"எந்த வைஃபை?" என்று எழுதினான்.

"எந்த வைஃபையா? நம்ம வீட்டு வைஃபைதான்! பக்கத்து வீட்டுக்காரனோடத நான் ஏன்யா திருடப்போறேன்?"

"பேரு?"

பேரா? யோசித்தேன். அவன் என் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போய் ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் நிறுத்தினான். அதில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தட்டினான். 'விருந்தாளிகளுக்கு' என்று தலைப்பு, கீழே வைஃபை பேரும் பாஸ்வேர்டும். வருகிறவர்களுக்கு இன்டர்நெட் மட்டும் கிடைக்கட்டும், வீட்டுக்குள் இருக்கிற வேறு எதையும் அவர்கள் தொட வேண்டாம் என்று அவனே தனியாகப் பிரித்து வைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சர்ச் ஜனம் மொத்தமும் வந்ததே! ஒருத்தி உருளைக்கிழங்கு வைத்த பெரோகி கொழுக்கட்டை, ஒருத்தி முட்டைக்கோஸ் சுருள், ஓவனில் சுட்ட காசரோல் ஒரே வாரத்தில் ஆறு தட்டு. வந்தவர்களுக்கெல்லாம், அவர்கள் பேரன் பேத்திக்கெல்லாம், அந்தக் காகிதத்தைப் பார்த்து நான்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். புது லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டபோது கை தானாக அதையே அடித்திருக்கிறது.

ஓரெஸ்டின் தோள் குலுங்கியது. கழுத்து வழியாகக் காற்று புஸ் புஸ் என்று வந்தது. சிரிக்கிறான்! வீடு திரும்பிய பிறகு முதல் தடவை. பலகையில் எழுதினான்: "முப்பத்தொரு வருஷமாச்சு. இன்னுமா விருந்தாளி?"

"ஆமாய்யா, நீ வச்சிருக்கிற இருபத்தாறு எழுத்து பாஸ்வேர்டை எவ மனப்பாடம் பண்ணுவா?"

அதை அவன் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்ட, நான் அடித்தேன். பெட்டி திறந்தது. நானூத்திப் பன்னிரண்டாம் பதிவைத் தட்டினேன், ஏனென்று தெரியாது, கை அங்கே போனது.

"சாயங்கால ரயில் ஏரிக்கரையில்..." என்று ஓரெஸ்டின் குரல் தொடங்கியது. நடுவில் தூரத்திலிருந்து நான் கத்துகிறேன்: "ஓரெஸ்ட்! சூப் ஆறுது, வரியா இல்லையா?" உடனே அவன்: "வரேன் வெர்னா, வரேன். பறக்காத."

ஏழு வாரம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. மேஜையில் தலை சாய்த்து ஓவென்று அழுதேன். அவன் என் முதுகில் கையை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் எழுதினான்: "அது கெட்டுப்போன பதிவு. அழிச்சிடு."

"உன்னை அழிச்சிடுவேன்" என்றேன். மத்தியானத்துக்குள் எல்லாம் ஜோசலினுக்குப் போய்விட்டது, மூன்று பென் டிரைவில் பிரதியும் எடுத்தாயிற்று.

ஒரு மாசம் கழித்து வினிபெக் போய் டேப்லெட்டை வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் காபிக்கடை, காரிலிருந்தே வாங்குகிற வரிசை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். இத்தனை நாளாக நான்தான் அவனைத் தாண்டி எக்கிக் கத்துவேன். அன்றும் எக்கினேன். ஓரெஸ்ட் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். ரெண்டு விரலால் டைப் அடித்தான். பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்தான். இவன் அசரவில்லை. முடித்து, டேப்லெட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.

"ஒரு பெரிய காபி, ஒரு டீ" என்றது ஓரெஸ்டின் குரல். "டோனட் ரெண்டு குடும்மா. வேணாம்னு சொல்லிட்டு இவ என்னோடதைத் தின்னுடுவா."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எங்கம்மாவும் அப்படித்தான் சார். அடுத்த ஜன்னலுக்கு வாங்க."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரோ ஒரு மனுஷன் காபி கேட்டான், அவ்வளவுதான். ஓரெஸ்ட் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல். பின்னால் மறுபடியும் ஹார்ன்.

"போங்க சார்," என்றேன், "கூப்பிடுறாங்க இல்ல."